திரும்பிப் போக நான் செய்தது

என் கணவர் என்னை ஆரணியில் விட்டுவிட்டுப் போனது அவருடைய தம்பிக்குக் கல்யாணம் முடிந்த அதே வாரத்தில். காலையில் டிபன் சாப்பிட்டார். இன்னொரு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சென்னையில் ஒரு நண்பரைப் பார்த்துவிட்டு மறுநாள் வந்துவிடுவதாகச் சொல்லி, தோளில் மாட்டும் பையை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் தெருமுனை வரை கூடவே போய், ஆட்டோ திரும்பும் வரை நின்று கையசைத்தேன். அந்த நாளை நினைத்தால் அவர் போனதைவிட நான் கையசைத்ததுதான் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டு நாள் போன் எடுக்கவில்லை. பிறகு அவரே கூப்பிட்டார். கனடாவிலிருந்து.

"ஆபீஸ்ல அவசரமா வரச் சொல்லிட்டாங்க. நீ கொஞ்ச நாள் அம்மாகூட இருந்துட்டு வா."

"என் பாஸ்போர்ட்டு எங்க?"

"எல்லாம் ஒண்ணா வெச்சிருந்தேன். அப்படியே வந்துடுச்சி. அனுப்பறேன்."

பாஸ்போர்ட்டு தானாக நடந்து போய் விமானம் ஏறியதுபோலச் சொன்னார். அதோடு, கனடாவில் வசிப்பதற்கான என் அட்டையும் போயிருந்தது. அன்றிலிருந்து மனதுக்குள் அவரை 'அவன்' என்றுதான் சொல்லி வருகிறேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

நான் தேசூரில் பிறந்தவள். அப்பாவுக்கு நிலம் உண்டு. நெல்லும் மணிலா என்கிற வேர்க்கடலையும் போடுவார். வந்தவாசியில் டிகிரி முடித்த கையோடு ஆரணியில் பட்டு வியாபாரம் செய்கிற குடும்பத்தில் கொடுத்தார்கள். மாப்பிள்ளை கனடாவில் வேலை செய்கிறான் என்பதுதான் பெரிய தகுதி. போனேன். முதல் இரண்டு குளிர்காலம் அழுதேன். பிறகு முதியோர் இல்லம் ஒன்றில் சமையல்கட்டில் வேலை கிடைத்தது. அங்கேயே படித்து, பெரியவர்களைக் குளிப்பாட்டவும் தூக்கி உட்காரவைக்கவும் மருந்து கொடுக்கவும் தேர்ச்சி பெற்றேன். பனியில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். பழைய கார் ஒன்றை என் சம்பளத்தில் வாங்கினேன். விடியற்காலை ஷிப்டுக்கு ஆளில்லாத சாலையில் நானே ஓட்டிக்கொண்டு போகும்போது, இது என் ஊர் என்று தோன்ற ஆரம்பித்தது. யாரும் எனக்குக் கட்டிவைக்காத ஊர்; நானே பழகிக்கொண்டது.

அவன் குடியுரிமை வாங்கிவிட்டான். எனக்கு வாங்குவதை மட்டும் அப்புறம் பார்க்கலாம், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தான். அதனால் நான் அங்கே நிரந்தரமாக வசிக்க உரிமை பெற்றவள், அவ்வளவுதான். அந்த உரிமையிலும் ஒரு கண்டிப்பு இருக்கிறது. வருஷக்கணக்கில் அந்த நாட்டுக்கு வெளியே தங்கிவிட்டால் உரிமை போய்விடும். இது அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். என்னை அடிக்கவில்லை, துரத்தவில்லை. காலம் அந்த வேலையைச் செய்யட்டும் என்று மாமனார் வீட்டில் நிறுத்திவைத்துவிட்டுப் போனான்.

முதலில் எனக்கு இது புரியவில்லை. பாஸ்போர்ட்டு வரும் என்று தினமும் கூரியர்காரனை எதிர்பார்த்தேன். பிறகு அவன் போன் எடுப்பதையும் நிறுத்தினான். அத்தை, அதாவது என் மாமியார், அன்பாகத்தான் பேசினாள். "தேசூருக்குப் போய் அம்மாகூட ஒரு மாசம் இருந்துட்டு வாயேன்" என்றாள். மறுவாரமும் சொன்னாள். அதற்கடுத்த வாரம் என் புடவைகளை அவளே பெட்டியில் மடித்து வைக்க ஆரம்பித்தாள்.

ஒருநாள் மத்தியானம் மாடியில் துணி எடுத்துக்கொண்டு இறங்கும்போது, கீழே மாமனார் போனில் பேசுவது கேட்டது.

"அவளா கிளம்பிப் போனான்னாதாண்டா நமக்கு நல்லது. நாம அனுப்பின மாதிரி இருக்கக் கூடாது. உங்கம்மா சொல்லிகினுதான் இருக்கறா. போய்டுவா."

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். துணியெல்லாம் மடியில் இருந்தது. வெயிலில் காய்ந்த சூடு கூட ஆறவில்லை. அந்தப் படியில் உட்கார்ந்து இரண்டு விஷயம் முடிவு செய்தேன். இந்த வீட்டைவிட்டு நான் தேசூருக்குப் போகப்போவதில்லை. போனால் கனடாவுக்குத்தான். அடுத்து, இவர்கள் மூன்று பேரையும் சும்மா விடப்போவதில்லை.

செய்தி கேட்டு அப்பா ஓடி வந்தார். ஹாலில் உட்கார்ந்து காபியைத் தொடாமல் என்னையே பார்த்தார்.

"வாம்மா, ஊருக்குப் போலாம். இவங்க சங்காத்தமே வேணாம்."

"நான் வந்துட்டா அவங்க ஜெயிச்சிடுவாங்கப்பா."

"ஜெயிச்சிட்டுப் போறாங்க. நீ நிம்மதியா இருந்தா போதும்."

"எனக்கு நிம்மதி வேணாம்பா" என்றேன். அவர் என்னை அதுவரை பார்க்காத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். தனியாகவே பஸ் ஏறிப் போனார்.

கோர்ட்டுக்கு எதிரே ஒரு பெண் வக்கீல் இருந்தார். திருமலைப் பக்கத்துச் சமணக் குடும்பம். எங்கள் பக்கத்தில் நயினார் வீடு என்பார்கள். பொழுது சாயும் முன் சாப்பிட வேண்டும் என்று சீக்கிரமே ஆபீசைப் பூட்டிவிடுவார். அதற்குள் போனால்தான் உண்டு. முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "உங்கள அந்த வீட்ல இருந்து யாரும் வெளிய அனுப்ப முடியாதுங்க. அதுக்குச் சட்டம் இருக்கு. முதல்ல அத வாங்கிடலாம்" என்றார்.

வாங்கினோம். மாடி அறை எனக்கு என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள். அன்றோடு கீழே எனக்கு இலை போடுவது நின்றது. மாடியில் ஒரு அடுப்பு வைத்துக்கொண்டேன். கடைவீதியில் வேறு ஒரு வியாபாரியிடம் போய்ப் பட்டுப் புடவை முந்தியில் குச்சு கட்டும் வேலை கேட்டு வாங்கினேன். மாமனார் வீட்டு மாடியில் உட்கார்ந்து அவருடைய போட்டிக்காரனின் புடவைக்குக் குச்சு கட்டுவதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. சின்னத் திருப்திதான். வேறு எதுவும் இல்லாதபோது அதுவும் சோறு மாதிரிதான்.

புதுப் பாஸ்போர்ட்டு வாங்குவதற்கே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தொலையாத பாஸ்போர்ட்டைத் தொலைந்ததாகச் சொல்ல நான் சம்மதிக்கவில்லை. கணவன் எடுத்துப் போனான் என்று எழுதிக்கொள்ளப் போலீஸ் சம்மதிக்கவில்லை. "குடும்ப விஷயம்மா, பேசித் தீத்துக்கங்க" என்று அந்த அதிகாரி ஒவ்வொரு முறையும் ஒரே குரலில் சொன்னார். வக்கீல்தான் நடையாய் நடந்து முடித்துக் கொடுத்தார்.

அடுத்தது கனடாவுக்குத் திரும்பிப் போவதற்கான அனுமதி. அதற்குச் சென்னையில் விண்ணப்பிக்க வேண்டும். இவ்வளவு காலம் வெளியே இருந்தது என் விருப்பத்தால் இல்லை, என் கைக்கு மீறி நடந்தது என்று காட்ட வேண்டும்.

"நீங்க சொல்றத மட்டும் வெச்சிகினு போனா பலம் கம்மிதான்" என்றார் வக்கீல். "அவன் அங்க வேற மாதிரி எழுதிக் குடுத்திருப்பான். இந்த வீட்ல இருக்கறவங்க யாராவது, ஆமா, விட்டுட்டுத்தான் போனான்னு சொன்னா அதுக்கு மேல கேள்வியே இல்ல. ஆனா அவங்க எதுக்குச் சொல்லப் போறாங்க?"

"சொல்ல வெக்கிறேன்" என்றேன். எப்படி என்று அப்போது எனக்கே தெரியாது.

வழியை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அது தானாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது.

மாமனாருக்குத் தனியாகக் கடை கிடையாது. தறிக்காரர்களிடம் கூலிக்கு நெய்ய வைத்து, வீட்டு ஹாலிலேயே வியாபாரம். வெள்ளைத் துணி விரித்து, சுவரோரம் இருக்கும் பீரோவிலிருந்து புடவையாக எடுத்துப் போடுவார். கல்யாணப் பெண் வீட்டார்தான் பாதிக்குமேல் வருவார்கள். முகூர்த்தப் புடவை எடுக்க நல்ல நாள் பார்த்து, நல்ல நேரம் பார்த்து, ராகுகாலம் கழித்து வருகிறவர்கள். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது மருமகள் வேலை. தம்பி பெண்டாட்டி, அதாவது என் ஓர்ப்படி, அன்று அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அத்தைக்கு முட்டி வலி. மாமனார் வேறு வழியில்லாமல் மேலே பார்த்து என்னைக் கூப்பிட்டார்.

அன்று காலையில்தான் என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்த பிலிப்பைன்ஸ் தோழி ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். என் காரை வேறு ஒரு பெண் ஓட்டுவதைப் பார்த்தாளாம். என் வீட்டு வாசலில் அதைக் கொண்டுபோய் நிறுத்தினாளாம். உனக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தாள்.

அந்தச் செய்தியோடுதான் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு இறங்கினேன். குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்திருந்தார்கள். பெண், பெண்ணின் அம்மா, இரண்டு அத்தைமார். மாம்பழ நிறத்தில் அரக்கு பார்டர் போட்ட புடவை ஒன்று பெண்ணின் மடியில் இருந்தது. பிடித்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. அம்மா என்னிடம் டம்ளரை வாங்கிக்கொண்டே கேட்டாள்.

"நீ இந்த வீட்டுப் பொண்ணாம்மா?"

"பெரிய மருமகங்க."

"வீட்டுக்காரரு இன்னா பண்றாரு?"

"கனடாவுல இருக்காரு."

"நீ போவலியா?"

மாமனார் குறுக்கே வந்தார். "போவப் போறா. பேப்பர் வேலை நடந்துகினு இருக்குது."

எத்தனையோ முறை இந்தப் பொய்யைக் கேட்டுக்கொண்டு உள்ளே போயிருக்கிறேன். அன்று போகவில்லை.

"இல்லீங்க" என்றேன். "தம்பி கல்யாணத்துக்குக் கூட்டிகினு வந்து, என் பாஸ்போர்ட்ட எடுத்துகினு என்ன மட்டும் இங்க விட்டுட்டுப் போய்ட்டாரு. ரெண்டு வருஷம் ஆவப்போது. அங்க வேற ஒரு பொம்பளகூட இருக்காரு. என் முகூர்த்தப் புடவையும் இங்க உக்காந்துதாங்க எடுத்தாங்க. இதே அரக்கு பார்டர்தான்."

குரலை உயர்த்தவில்லை. அழவும் இல்லை. தண்ணீர் போதுமா என்று கேட்பதுபோலத்தான் சொன்னேன். பெண்ணின் அம்மா மகள் மடியிலிருந்த புடவையை எடுத்து விரிப்பின்மேல் வைத்துவிட்டு, விரல்களைத் தன் முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு கடை பாத்துட்டு வரோங்க" என்றாள். அந்தப் பெண் மட்டும் படியிறங்கும்போது திரும்பி என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. அவர்கள் திரும்பி வரவில்லை.

மாமனார் விரித்த புடவையை மடிக்கக்கூட இல்லை.

"இன்னா வேலை பண்ண நீ?"

"கேட்டாங்க மாமா, சொன்னேன். எதுனா பொய் சொன்னனா?"

 அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது, என் கையில் என்ன இருக்கிறது என்று. வாழாவெட்டி நிற்கிற வீட்டில் தாலி கட்டும் புடவையை எவள் எடுப்பாள்? அந்தப் பேரை ஊர் எனக்குச் சூட்டியிருந்தது. காய்கறிக்காரி முதல் கோயில் குருக்கள் வீட்டுப் பெண் வரை பின்னால் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். சரி, சொன்னவர்களுக்கே அதை உபயோகப்படுத்திக் காட்டுகிறேன் என்று நினைத்தேன்.

அதன்பின் வாசலில் கார் வந்து நின்றால் போதும், இறங்கிவிடுவேன். முகம் கழுவி, பொட்டு வைத்து, பூ வைத்து, தாலியை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு. யாரையும் வையமாட்டேன். யாரும் கேட்காமல் வாயைத் திறக்கமாட்டேன். ஆனால் கேட்காமல் இருப்பார்களா? வெளிநாட்டு மாப்பிள்ளை, தனியாக மருமகள் என்றால் நம் ஆட்கள் கேட்காமல் போகவே மாட்டார்கள். கேட்டதும் சொல்வேன். சுருக்கமாக, மரியாதையாக. சொல்லிவிட்டு "காபி குடிக்கிறீங்களா?" என்பேன்.

அவர்களும் சும்மா இருக்கவில்லை. எனக்கு மனசு சரியில்லை என்று வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தார்கள். ஒருநாள் மணப்பெண்ணின் அண்ணன், ஐ.டி.யில் வேலை செய்கிறவன், என்னைச் சோதிப்பதுபோல ஆங்கிலத்தில் கேள்வி கேட்டான். ஆங்கிலத்திலேயே எல்லாவற்றையும் விளக்கினேன். அவன் மாமனாரிடம் திரும்பி, "இவங்க தெளிவாத்தான் இருக்காங்க சார்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனான்.

இன்னொரு நாள் ஆட்கள் வரும் நேரம் பார்த்து மாடிப்படிக் கதவை வெளியே தாழ் போட்டார்கள். நான் கத்தவில்லை. வக்கீலுக்குப் போன் செய்தேன். கோர்ட்டு உத்தரவை மீறி அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று அவர் புகார் சொல்ல, கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் கான்ஸ்டபிள் ஹாலுக்குள் வந்து நின்றாள். விரித்த பட்டுப் புடவைகளுக்கு நடுவே பூட்ஸ் கால். அன்று வந்திருந்தது பெரிய குடும்பம். மூன்று பெண்களுக்குச் சேர்த்து எடுக்க வந்தவர்கள். கதவைத் திறந்துவிட்டதும் நான் இறங்கிப் போய் அவர்களுக்கும் தண்ணீர் கொடுத்தேன்.

ஆரணி சின்ன ஊர். பஸ் ஸ்டாண்டு ஆட்டோக்காரர்கள் "அந்த ஊடா? வேணாம்மா, நான் வேற நல்ல எடத்துக்குக் கூட்டிகினு போறேன்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஐப்பசி முகூர்த்தத்துக்கு ஹாலில் விரிப்பு போட்டபடி கிடந்தது, யாரும் உட்காரவில்லை. தறிக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு முதலாளிக்கு மாறினார்கள். மாமனார் மத்தியானங்களில் ஹாலில் தனியாக உட்கார்ந்து, மடித்த புடவையை மறுபடி பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருப்பார். நான் படியில் நின்று பார்ப்பேன். பரிதாபமாக இருந்ததா என்று வக்கீல் ஒருமுறை கேட்டார். இல்லை என்றேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "கோவம் உங்களயும் சேத்து எரிக்குதுங்க" என்றார். "எரியட்டும் மேடம், அந்த வெளிச்சத்துலதான் வழி தெரியுது" என்றேன். அவர் சாப்பிட எழுந்துபோய்விட்டார்.

கடைசியில் ஓர்ப்படிதான் இதை முடிவுக்குக் கொண்டுவந்தாள். அவள் அப்போது ஏழு மாதம். மூச்சு வாங்க மாடியேறி என் அறைக்கு வந்து, குச்சுக்கட்டு நூலை ஒதுக்கிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"போதும்க்கா. எனக்கு பயமா இருக்குது."

"உன்ன நான் ஒண்ணும் சொல்லலியே."

"அது இல்லக்கா. நீங்க சொல்றத கீழ உக்காந்து கேட்டுகினேதான இருக்கறேன். நாளைக்கி இவரும் என்ன இப்பிடி விட்டுட்டுப் போனா, மாமாவும் அத்தையும் இதே மாதிரிதான இருப்பாங்க?"

 அவள் கேட்ட கேள்விக்கு அவளே பதில் தெரிந்து வைத்திருந்தாள். அடுத்த வாரம் வளைகாப்பு. அவளுடைய அப்பா செய்யாறிலிருந்து வந்தார். வளையல் அடுக்கி முடிந்ததும், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அவர் மாமனார் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"சம்பந்தி, பெரிய மருமக விஷயத்த ஒரு வழி பண்ணுங்க. அது வரைக்கும் குழந்த பொறந்தாலும் எம்பொண்ணு எங்க ஊட்லதான் இருப்பா."

மாமனார் இலையை மூடிவிட்டு எழுந்தார்.

மறுநாள் அவரே மாடிக்கு வந்தார். நான் அந்த அறைக்குப் போனபிறகு அவர் படியேறியது அது ஒருமுறைதான். கதவருகே நின்றார்.

"இன்னா வேணும் உனக்கு?"

"நடந்தத நடந்த மாதிரி வக்கீலம்மா முன்னாடி சொல்லணும் மாமா. நீங்களும் அத்தையும். கையெழுத்துப் போடணும்."

"போட்டா?"

"நான் போய்டுவேன்."

"அவன் பேரு கெட்டுடும்."

"ஆமா மாமா" என்றேன்.

வக்கீல் ஆபீசில் ஒரு மரப் பெஞ்சு. மாமனாரும் அத்தையும் அதில் உட்கார்ந்தார்கள். வக்கீல் தட்டச்சு செய்து வைத்திருந்ததைப் படித்துக்காட்டப் போனார். நான் வேண்டாம் என்றேன். அவர்களே வாயால் சொல்லட்டும், பிறகு அதையே எழுதலாம் என்றேன். மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். மகன் இவளைக் கூட்டி வந்தான். பாஸ்போர்ட்டையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு இவளுக்குச் சொல்லாமல் போய்விட்டான். இவள் போக வேண்டும் என்று முதல் நாளிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அப்பறம்?" என்றேன்.

"அப்பறம் இன்னா? அவ்ளோதான்."

"நீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். எவ்வளவு வெறுப்பு இருக்க முடியுமோ அவ்வளவும் அந்தப் பார்வையில் இருந்தது. நான் அதைக் கண் எடுக்காமல் வாங்கிக்கொண்டேன்.

"எங்களுக்கும் தெரியும். தெரிஞ்சிகினேதான் சும்மா இருந்தோம்."

"அதையும் எழுதுங்க மேடம்" என்றேன்.

வக்கீல் தயங்கினார். "அது அவசியம் இல்லீங்க."

"எனக்கு அவசியம்."

எழுதினார். அத்தை கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள், "பெத்த புள்ளயவே காட்டிக் குடுக்க வெச்சிட்ட. நீ நல்லா இருப்பியா?"

"இருப்பேன் அத்தை."

அனுமதி வந்தது. நான் கிளம்பும் நாளன்று அப்பா தேசூரிலிருந்து வேன் பிடித்து வந்தார். ஓர்ப்படி குழந்தையோடு அம்மா வீட்டிலேயே இருந்தாள். ஹாலில் மாமனார் இல்லை. அத்தை சமையலறையை விட்டு வரவில்லை. இந்த வீட்டில் சொல்லிக்கொண்டு போக ஒருவரும் இல்லை என்பது எனக்குக் குறையாகப் படவில்லை. ஆற்றுப் பாலம் தாண்டும்போது அப்பா, "எல்லாம் முடிஞ்சிது, இனிமே மறந்துடும்மா" என்றார். நான் தலையாட்டினேன். அவருக்காக ஆட்டினேன்.

கனடா விமான நிலையத்தில் அதிகாரி ஒரு இளைஞன். என் தாள்களைப் புரட்டிப் பார்த்தான். இத்தனை காலம் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டான். கணவர் என் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு என்னை விட்டுவிட்டுப் போனார், இப்போதுதான் வர முடிந்தது என்றேன். அவன் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தான். பிறகு முத்திரை குத்தி, வீடு திரும்பியிருக்கிறீர்கள், நல்வரவு என்றான். வந்து போகிற எல்லாரிடமும் சொல்கிற வார்த்தைதான். ஆனாலும் பெட்டி வருமிடத்தில் நின்று, ஆரணியில் ஒருவர் முன்னும் அழாத அழுகையை அங்கே அழுது தீர்த்தேன்.

பிலிப்பைன்ஸ் தோழி அழைத்துப் போக வந்திருந்தாள். முதலில் சாப்பிடு, குளி, தூங்கு என்றாள். முதலில் என் வீட்டுக்குப் போ என்றேன்.

வசந்தகாலத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது. ஓரங்களில் கறுத்த பனி இன்னும் கரையாமல் கிடந்தது. வாசல் மணியை அடித்தேன். அவன்தான் திறந்தான். கையில் டிவி ரிமோட்டு. கொஞ்சம் பருத்திருந்தான்.

 "நீ... எப்பிடி வந்த?"

"பிளேன்ல."

"போன் பண்ணியிருக்கலாம் இல்ல? உள்ள ஆளு இருக்காங்க. அப்பறமா வெளிய எங்கனா உக்காந்து பேசலாம்."

"வீட்டுப் பத்திரத்துல என் பேரும் இருக்குது. நான் எதுக்கு வெளிய பேசணும்?"

குரல் கேட்டு அவள் வந்தாள். தமிழ்ப் பெண்தான், வேறு நகரத்திலிருந்து வந்தவள் என்று பிறகு தெரிந்தது. என்னைவிட வயதில் இளையவள். என் முகத்தைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.  அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீங்க இறந்துட்டீங்கன்னு சொன்னாரு" என்றாள்.

இங்குள்ள கோயிலில் கேட்டவர்களுக்கு நான் ஊரில் மாமியாரைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். சட்டத்துக்கு நானாக அவனை விட்டுப் போனேன் என்று எழுதியிருக்கிறான். இவளுக்கு நான் செத்துப்போனவள். காய்ச்சலாம். என் போட்டோவைக் காட்டி அழுதுகூட இருக்கிறான்.

எவ்வளவோ பேச வேண்டும் என்று மாடி அறையில் வருஷக்கணக்காக வார்த்தை வார்த்தையாகச் சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. நான் வாசலில் உயிரோடு நின்றதே போதுமாக இருந்தது. அவள் அவன் கன்னத்தில் அறையவில்லை, கத்தவில்லை. உள்ளே போய்க் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தாள். என்னைக் கடக்கும்போது "மன்னிச்சிடுங்க" என்றாள். என் கார் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். அவன் சாக்ஸோடு பனிச்சேற்றில் இறங்கி, அவள் பின்னால் பாதித் தெரு வரை ஓடினான். எதிர்வீட்டு வெள்ளைக்காரர் புல்வெளியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நானும் வாசற்படியிலிருந்து நிதானமாகப் பார்த்தேன். என் வாழ்க்கையில் மனம் நிறைந்த காட்சிகள் என்று கேட்டால், இதை முதலில் சொல்வேன். வேறு எதையாவது சொல்ல முடிந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மீதியெல்லாம் வக்கீல்கள் வேலை. ஆரணியில் எழுதிய வாக்குமூலம் இங்கேயும் வாசிக்கப்பட்டது. அப்பா அம்மாவே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டபோது அவன் தலையைக் குனிந்துகொண்டான். விவாகரத்து ஆனது. வீட்டை விற்றுப் பிரித்தார்கள். அவன் மேற்கே எங்கோ வேறு நகரத்துக்குப் போய்விட்டான். முதியோர் இல்லத்தில் பழைய வேலையைத் திரும்பக் கொடுத்தார்கள். ஒரு படுக்கையறை வீடு ஒன்றில் இருக்கிறேன். குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறேன்.

ஆரணி ஹாலில் மறுபடி வியாபாரம் நடக்கிறதாம். ஓர்ப்படி சொன்னாள். நான் கிளம்பிய மறுவருஷமே ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்களாம். அவள் வீட்டுக்காரர் பேரில் புது போர்டு மாட்டியிருக்கிறார்களாம். அதைக் கேட்டபோது எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

போன மாதம் ஒரு நாள் காலை, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது அத்தை போன் செய்தாள். நான் ஊரைவிட்டு வந்த பிறகு முதல் தடவை. மாமனாருக்குப் பக்கவாதம், வேலூரில் சேர்த்திருக்கிறார்கள் என்றாள்.

"அவரு பெரியவன் பேர சொல்லிகினே இருக்காரு. அந்தக் கையெழுத்துப் போட்டதுல இருந்து அவன் எங்ககூட பேசறதே இல்ல. நாங்க கூப்ட்டா எடுக்க மாட்டேங்கறான். நீ ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? உங்க வக்கீலுங்க மூலமாவாச்சும்?"

சொல்லியிருக்கலாம். அவனுடைய வக்கீலுக்கு ஒரு வரி அனுப்பினால் அன்றைக்கே போய்ச் சேர்ந்திருக்கும். போனைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னலில் நின்றேன். கீழே குப்பை வண்டி வந்து போனது. அத்தையின் மூச்சு இரைப்பு கேட்டது. வயதாகிவிட்டது அவளுக்கு.

"எனக்கு வேலைக்கு நேரமாச்சு அத்தை" என்றேன்.

அவள் சரிம்மா என்றாள். போனை வைத்தேன். அன்று ஷிப்டில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு கிழவருக்குப் பக்கவாதத்தில் வலது கை அசையவில்லை. கஞ்சியை ஆற்றி, ஸ்பூன் ஸ்பூனாக, அவர் போதும் என்று தலையசைக்கும் வரை ஊட்டினேன்.